முப்பத்தேழும் எழுபத்து மூன்றும்

மகுடஞ்சாவடியைத் தாண்டி இருக்கும் ஜவ்வரிசி ஆலைக்குள், வாசல் காவலர் மாதையனைக் கடந்து ஒரு லோடு மரவள்ளிக் கிழங்கு போய்ச் சேருவது லேசான காரியமில்லை. தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்வார். அடியில் மண்ணைக் கொட்டி எடையைக் கூட்டியிருக்கிறார்களா என்று நீளக் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார். டிரைவர் சிரித்துப் பேசினால் இன்னும் இரண்டு தரம் குத்துவார். பெற்ற தாய் வந்தாலும் அடையாள அட்டை கேட்பார் என்று லாரிக்காரர்கள் பேசிக்கொள்வது அவர் காதிலும் விழுந்ததுண்டு. அதை அவர் குறையாக நினைக்கவில்லை.

பட்டாளத்தில் ஒட்டிக்கொண்ட குணம் அது. இருபத்தைந்து வயதில் அவரைச் சியாச்சின் பனிமலைக்கு ஏற்றினார்கள். கெட்டித் தரைபோலத் தெரியும் வெள்ளைக்கு அடியில் பாதாளம் வாயைப் பிளந்திருக்கும். குத்திப் பார்க்காமல் காலை வைக்கக்கூடாது. முன்னால் நடந்த கூட்டாளி ஒருவன் ஊரில் கட்டப்போகும் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பேச்சு பாதியில் நின்றது, நிமிர்ந்து பார்த்தால் ஆளையே காணோம். மாதையனுடைய இடது காலில் இரண்டு விரல்களைப் பனி தின்றது. அன்றிலிருந்து அவர் தரையையும் நம்புவதில்லை, மனிதரையும் நம்புவதில்லை.

அப்படிப்பட்டவரையே ஊர் சந்தேகப்படும்படி ஆயிற்று.

குடியரசு தினத்துக்கு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் அவரைக் கூப்பிட்டுக் கொடிக்கம்பத்தின் அருகே நிறுத்தினார்கள். கோட்டின் மேல் பதக்கங்களைக் குத்திக்கொண்டு போனார். ஆசிரியர் ஒருவர் எடுத்த படம் எப்படியோ முன்னாள் படைவீரர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலமே சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற சுபேதார் தனசேகர், குரல் பதிவு ஒன்று போட்டார்.

"மாதையன் நெஞ்சுல சியாச்சின் மெடல் தொங்குதுங்க. சங்கத்துல அவரு குடுத்த டிஸ்சார்ஜ் புக்கு நகல எடுத்துப் பாத்தேன். அதுல அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. கடையில வாங்கிக் குத்திக்கிட்டா ஆச்சுங்களா? அங்க செத்தவங்களுக்குப் பண்ற துரோகமுங்க இது."

இதில் மாதையன் மறுக்க முடியாத இடம் ஒன்று இருந்தது. பதக்கம் கடையில் வாங்கியதுதான். ஓய்வு பெறும்போது, சியாச்சின் பதக்கம் பின்னால் தபாலில் வரும் என்றார்கள். வரவில்லை. ராணுவக் குடியிருப்பை ஒட்டிய கன்டோன்மென்ட் கடைகளில் நகல் கிடைக்கும். அசலைத் தொலைத்தவர்கள், அசல் வந்து சேராதவர்கள் எல்லோரும் வாங்குவார்கள். அவரும் வாங்கினார். பட்டாளத்தை விட்டு வரும்போது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கங்களுக்கான பக்கத்தை அவர் சரிபார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் குத்திப் பார்க்கிறவர், தன் சொந்தக் காகிதத்தைப் பார்க்காமல் விட்டிருந்தார்.

மனைவி ராமாத்தாள் அந்தக் குரல் பதிவை இரண்டு முறை போட்டுக் கேட்டாள். சோறு போடும்போது மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்க, நெசமாலுமே நீங்க அங்க போனீங்ளா?"

"என்ற கால் வெரலு எங்க போச்சு? எலி கடிச்சுதா?"

"அது பனியில போச்சுன்னு நீங்க சொல்லித்தானுங்க எனக்குத் தெரியும்."

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். அவள் சொன்னதில் தப்பும் இல்லை. கல்யாணமே அதற்குப் பிறகுதான் நடந்தது.

பதிவைத் திருத்தக் கேட்டு மாதையன் போன சேலம் முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் நிகத் என்ற இளம்பெண் இருந்தாள். தகப்பனார் விமானப்படையில் இருந்தவராம். என்ன மனு, எதோடு எதை இணைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். பொறுமை மாதையனுக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு இதில் என்ன ஆதாயம் என்று தோன்றியது. டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கக் கேட்டபோது கொடுக்க மறுத்து, இயந்திரத்தின் பக்கத்தில் தானே நின்று ஒவ்வொரு பக்கமாகப் பிடித்துக் கொடுத்தார்.

"ஐயா, நான் ஒண்ணும் முழுங்கிட மாட்டேன்" என்றாள் நிகத்.

"அப்பிடிச் சொன்னவங்க நெறையப் பேர்த்தப் பாத்துட்டனுங்க அம்மணி."

படைவீரர் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசிலிருந்து பதில் வர மழைக்காலமே வந்துவிட்டது. நிகத் வாசித்துப் பொருள் சொன்னாள். அந்தப் பதக்கம் அதே படைப்பிரிவைச் சேர்ந்த மாதையன் என்ற சிப்பாய்க்கு வழங்கப்பட்டுப் பதிவாகியிருக்கிறது. அவருடைய படை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் எழுபத்து மூன்று. இவருடையது முப்பத்தேழு.

மாதையனுக்கு ஆள் யாரென்று உடனே தெரிந்துவிட்டது. பட்டாளத்தில் ஒரே பெயர்க்காரர்கள் இருந்தால் எண்ணின் வாலைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவர் முப்பத்தேழு, அவன் எழுபத்து மூணு. உயரமான ஆள், அதிகம் பேசாதவன், தம்மம்பட்டிப் பக்கத்து ஊர். கீழே அடிவார முகாமில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டவன், மேலே ஏறவே இல்லை. கிடங்குக்காரனுக்கும் பதிவு எழுதும் எழுத்தருக்கும் நல்ல சிநேகம். ரம் பாட்டில் கைமாறும். மாதையன் மனதில் கணக்கு சரசரவென்று கூடிவந்தது. நான் மேலே விரலைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தபோது இவன் கீழே உட்கார்ந்து என் பதக்கத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியிருக்கிறான்.

முகவரி கேட்டதற்கு, அடுத்தவர் விவரத்தைத் தர முடியாது என்றாள் நிகத். ஆகவே ஆலை வாசலுக்கு வந்த தம்மம்பட்டி லாரிக்காரர்களிடம் விசாரித்தார். ஒருவன் சட்டென்று சொன்னான்.

"பட்டாளத்து மாதையனா? அவரு செத்து வருசம் ஆச்சே. சம்சாரம் அத்தாயி மட்டும் இருக்குது, ஏரிக்கரைக்கிட்ட ஊடு."

மாதையன் இன்னொரு லாரிக்காரனிடமும் கேட்டுவிட்டுத்தான் அதை நம்பினார்.

ராமாத்தாளும் கூட வந்தாள். துணைக்கு என்றாள். தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வருகிறாள் என்று அவருக்குத் தெரியும். சேலத்தில் ஏறிய பஸ் மல்லியகரை தாண்டிப் போனது. தம்மம்பட்டியில் இறங்கி டீக்கடையில் வழி கேட்டுக்கொண்டு நடந்தார்கள்.

அத்தாயிக்கு அறுபது இருக்கும். கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்த கையோடு வாசலை மறித்து நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"பென்ஷன் ஆபீசுல இருந்தா வரீங்க?"

"இல்லீங்க. உங்க ஊட்டுக்காரரோட ஒண்ணா இருந்தவன். அவரு மெடலுங்கள ஒருக்காப் பாத்துட்டுப் போலாம்னு."

"எங்க வூட்டுல மெடலு கிடலு ஒண்ணும் இல்ல. எல்லாம் பையன் சென்னைக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

அவள் தோளுக்கு மேலாக மாதையன் உள்ளே பார்த்தார். சுவரில் ராணுவ உடையில் இருந்த மனிதரின் படம் மாலையோடு தொங்கியது. அதன் பக்கத்தில் ஆணி இருந்தது. சட்டம் ஒன்று இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்தது. கட்டிலில் தலையணை மேடுதட்டி, அடியில் கண்ணாடிச் சட்டத்தின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. பட்டாளத்துக்காரர் ஒருவர் தேடி வரும் செய்தி டீக்கடையிலிருந்து இவருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டிருக்கிறது.

"தலகாணிக்கு அடியில இருக்கறது என்னுங்க?" என்றார். குரல் ஏறிவிட்டது. "உன்ற புருசன் மேல ஏறாத மனுசன். என்னுதத் திருடி வெச்சிட்டுத்தான் காலமெல்லாம் திரிஞ்சாரு!"

ராமாத்தாள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். "தாலியறுத்த பொம்பள முன்னால என்னுங்க பேச்சு இது?" பிறகு அத்தாயியிடம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. இவரப் பொய்க்காரர்னு ஊரே பேசுது. நாங்கூட அப்பிடித்தான் நெனச்சிட்டிருக்கறன்" என்றாள்.

மாதையன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

அத்தாயி பிசைந்த கையைச் சேலை முந்தியில் துடைத்தாள்.

"உங்க நம்பரு என்ன?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் எண். ஒரே மூச்சில் சொன்னார். அவள் முகம் மாறியது. உள்ளே போய்க் கட்டிலிலிருந்து சட்டத்தை எடுத்து, பின் அட்டையைப் பிரித்து, ஒரு பதக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆனால் அவர் கையில் தரவில்லை. விளிம்பைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒவ்வொண்ணா சொல்லுங்க. வேகமா வேணாம்."

அவர் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, அவள் நகத்தால் பதக்கத்துக்கு உரியவரின் எண்ணாக விளிம்பில் வெட்டியிருந்த இலக்கங்களைத் தடவிக்கொண்டே வந்தாள். மூணு என்றார், ஏழு என்றார். அவள் அங்கேயே நிலைவாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உசுரோடதான் இருக்கீங்க" என்றாள்.

மற்றதை அவள் விட்டு விட்டுச் சொன்னாள். பட்டாளத்துப் பெட்டியோடு வந்த பதக்கம் அது. மற்றவற்றைக் குத்திக்கொள்ளும் புருஷன் இதை மட்டும் தொட்டதே இல்லை. கேட்டால், "அது என்னுது இல்ல புள்ள" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. அவர் செத்த பிறகு மகன் எல்லாவற்றையும் சட்டம் போட்டு மாட்டினான். ஒருநாள் துடைக்கும்போது விளிம்பு எண்ணையும் பென்ஷன் புத்தகத்து எண்ணையும் சேர்த்துப் பார்த்தாள். வேறாக இருந்தது.

"செத்த எவனோ ஒருத்தன் மேலுல இருந்து எடுத்துட்டாரோன்னு நெனச்சேன். அந்த மனுசன் கூட நாப்பது வருசம் குடும்பம் நடத்தினவ நான். இப்ப அவரு படத்துக்கு வெளக்கு ஏத்தும்போதுகூட அதே நெனப்பு. யாராச்சும் வந்து கேப்பாங்க, பென்ஷன நிறுத்திடுவாங்கன்னு ஒரு பயம் வேற." நிமிர்ந்து மாதையனைப் பார்த்தாள். "அவரு திருடுனாரா? நீங்கதான் சொல்லணும்."

வரும் வழியெல்லாம் அவர் சேர்த்து வைத்திருந்த பதில் ஆமாம் என்பதுதான். ஆனால் திருட வேண்டும் என்று திருடியவன், அதை ஒரு நாளாவது குத்திக்கொள்ளாமல் இருப்பானா?

"இல்லீங்க" என்றார். "முப்பத்தேழ எழுபத்து மூணுன்னு மாத்தி எழுதிட்டாங்க. ஆபீசுல நடந்த தப்பு."

அத்தாயி அழவில்லை. ஆனால் எழுந்துபோய் இரண்டு டம்ளரில் மோர் கொண்டு வந்தாள். பதக்கத்தை அன்று தர மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். விளிம்பைப் படம் எடுத்துக்கொள்ள மட்டும் விட்டாள். பதக்கம் தங்களுடையது இல்லை என்று எழுதிக் கொடுப்பதென்றால் மகனைக் கேட்டுக்கொண்டு சேலத்துக்கு வருகிறேன் என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ராமாத்தாள் கேட்டாள். "ஆபீஸ் தப்புதானுங்களா?"

"இருக்கலாம்."

"அந்தம்மாகிட்ட அடிச்சுச் சொன்னீங்க?"

"விளிம்புல என்ற நம்பர் இருக்குது. பாத்தவனுக்கு யாருதுன்னு தெரிஞ்சிருக்கும். முப்பத்தேழு யாருன்னு அவனுக்குத் தெரியாதா? ஒரு கார்டு போட்டிருக்கலாம். ஏன் போடல?"

"மாட்டிக்குவோம்னு பயந்திருப்பாருங்க."

"இருக்கலாம்" என்றார் மறுபடியும். பதில் சொல்ல வேண்டியவன் மண்ணுக்குள் போய்விட்டான்.

சற்று தூரம் போனதும் ராமாத்தாள் குனிந்து, செருப்புக்குள் இருந்த அவருடைய இடது காலைப் பார்த்தாள். "அங்க ரொம்பக் குளுருமுங்களா?" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. ஆத்தூர் ரோட்டில் பஸ் ஏறி ஓடிக்கொண்டிருக்க, அவர் சொல்லத் தொடங்கினார். சேலம் வந்தும் முடியவில்லை.

அத்தாயி சொன்னபடியே மகனோடு சேலம் அலுவலகத்துக்கு வந்தாள். எழுதியதை மகன் உரக்கப் படிக்க, ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பதக்கத்தை மாதையன் கையில் தராமல் ராமாத்தாள் கையில் கொடுத்தாள்.

திருத்த உத்தரவு தைப்பொங்கலுக்கு முன் வந்தது. முப்பத்தேழின் பதிவில் பதக்கம் ஏறியிருந்தது. தனசேகர் குழுவில், விசாரித்ததில் எல்லாம் சரியாக இருப்பதாகவும் மாதையன் அண்ணன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் கைகூப்பும் படத்தோடு போட்டார். யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் போட்டிருக்கிறான் என்று மாதையன் நினைத்தார்.

உத்தரவை வாங்கச் சேலம் அலுவலகத்துக்குப் போன அன்று மாதையன் நிகத்தின் மேஜையை விட்டு உடனே எழவில்லை.

"அம்மணி, அந்த எழுபத்து மூணோட பதிவுல என்னன்னு எழுதியிருக்காங்க? ஏமாத்துனாருன்னு வருதா?"

"எழுத்துப் பிழையால தவறா பதிவானது, நீக்கப்படுதுன்னுதான் இருக்குங்கய்யா. அவங்க பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாது."

"இன்னொருக்கா படிங்க."

படித்தாள். அவர் அதோடு விடாமல் பக்கத்து மேஜைக்காரரையும் படிக்கச் சொன்னார். அவரும் அதையே சொன்னார். பிறகு வெளியே வேப்பமரத்தடியில் நின்று அத்தாயிக்குப் போன் போட்டு விவரத்தைச் சொன்னார்.

மறுமுனையில் கோழிகள் கத்துவது கேட்டது.

"நீங்க சொல்றீங்க, சரி" என்றாள் அத்தாயி. "அந்தக் காயிதத்தப் படம் புடிச்சு எம்பையனுக்கு அனுப்பிவிடுங்க. அவன் படிச்சுச் சொல்லட்டும்."

மாதையன் சிரித்துவிட்டார். அலுவலக வாசலில் காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தார். "அனுப்பறனுங்க" என்று சொல்லிவிட்டு, படம் எடுப்பதற்காக மறுபடியும் உள்ளே போனார்.