கோபத்தில் கேட்ட ஒரு வாய்க் கஞ்சி

சபையார் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். இந்தச் சாட்சியைக் கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன். ஆண்டவர் என் கோபத்தை ஏற்கெனவே முழுசாகக் கேட்டுவிட்டார். நீங்களும் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. ஏம்பலத்தில் இருக்கிறோம். போன வருடம் கரும்பு வெட்டு மும்முரமாக நடந்த நேரத்தில், டிராக்டர் ஓட்டும் என் வீட்டுக்காரர் தேவராஜுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போனது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, அதில்தான் கஞ்சி ஊற்ற வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள்.

நான் அதிகம் பேசி ஜெபிக்கிறவள் இல்லை. சும்மா உட்கார்ந்து ஆண்டவரை நினைத்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். அதற்கும் வழியில்லாமல் போனது. வீட்டுக்காரருக்குத் துணி மாற்ற வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மகளை ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டும். தனியறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபியுங்கள் என்று பிரசங்கம் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு அறையும் அடுப்படியும். எந்தக் கதவைச் சாத்துவது? கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுர்ரென்று வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை எங்கள் வீட்டில் வைத்தார்கள். என்னைக் கேட்டு வைக்கவில்லை, வைத்துவிட்டுச் சொன்னார்கள். பெண்கள் ஐக்கியத்தை நடத்தும் எலிசா அக்கா மைக் செட்டோடு வந்தார். அந்தச் சின்ன அறைக்கு மைக் எதற்கு? ஒவ்வொரு சத்தத்துக்கும் என் வீட்டுக்காரர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். உபவாசம் முடிந்ததும் டீயும் கேசரியும் வேண்டுமே! நான் அடுப்படியில் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன்.

"விசுவாசத்தோட ஒரு வாய் குடி தம்பி. அப்புறம் இன்னாத்துக்கு இந்தக் கொழா?" என்று எலிசா அக்காவின் குரல் கேட்டது.

நான் ஓடி வருவதற்குள், ஜெபித்துக் கொண்டுவந்த திராட்சை ரசத்தை அக்கா ஸ்பூனால் அவர் வாயில் ஊற்றிவிட்டார். புரையேறியது. மூச்சுத் திணறி முகம் நீலம் பாரித்தது. பிசாசு வெளியேறுகிறது என்று சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு மனுஷன் சாகக் கிடக்கிறான், கைதட்டினார்கள்!

"ஸ்பூன கீழ போடுக்கா! எல்லாரும் வூட்ட வுட்டு வெளிய போங்க!" என்று கத்தினேன்.

மறுநாள் காய்ச்சல் கொதித்தது. நுரையீரலில் தொற்று என்று மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைப்பாரா என்று டாக்டர்களாலேயே சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்து எலிசா அக்கா போன் செய்தார்.

"நீ உள்ளுக்குள்ள சந்தேகப்பட்டுட்டடி. அதான் தடையாயிடுச்சி."

போனை வைத்துவிட்டேன். ஜெபிக்க ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆண்டவரிடமே சண்டைக்குப் போனேன்.

"இன்னா நெனச்சிக்கினு இருக்கிற நீ? உன் பேர சொல்லிக்கினு வந்து இப்படிப் பண்ணிட்டுப் போறாங்க, நீ பாத்துக்கினு இருக்கிற. அவரு ஒரு வாய் கஞ்சி முழுங்கணும். அத செய். நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வார்டு முழுக்க ஒரே சத்தம். ஆனாலும் யாரோ என்னைத் திட்டாமல், புத்தி சொல்லாமல், பக்கத்தில் இருந்து கேட்டதுபோல இருந்தது. கோபம் போகவில்லை. பயம் போய்விட்டது.

காய்ச்சல் இறங்கியது. பிறகு, விழுங்கப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் வந்தாள். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைத் தாழ்த்தி, கெட்டிக் கஞ்சியை அரை ஸ்பூன் மட்டும் வைக்கக் கற்றுக்கொடுத்தாள்.

"அவரு முழுங்கற வரைக்கும் பேசக் கூடாதுக்கா. அவசரப்படுத்தாதீங்க. தொண்டைய மட்டும் பாத்துக்கினே இருங்க."

பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் நாட்களில் தொண்டை அசையவே இல்லை. வைத்த கஞ்சியைத் துடைத்து எடுத்தோம். ஒரு மதியம் தொண்டை மேலே ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்! அல்லேலூயா என்று கத்த வாயெடுத்தேன். பேசக் கூடாதே! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நாளில் குழாயை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அவர் சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை டிவி இல்லை, போன் இல்லை, பேச்சு இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் காத்திருக்கிறேன். அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டே ஆண்டவரோடு இருக்கிறேன். நான் ஆசைப்பட்ட அமைதியான ஜெபம் இப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் நின்று, அன்று கொடுத்த திராட்சை ரசம்தான் தேவராஜைக் குணமாக்கியது என்று எலிசா அக்கா சாட்சி சொன்னார். நீங்கள் எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். அதனால்தான் இன்று எழுந்து நிற்கிறேன். அந்த ரசம் அவரைக் கொல்லப் பார்த்தது. டாக்டர்களைக் கொண்டும் விழுங்கக் கற்றுக்கொடுத்த அந்தப் பெண்ணைக் கொண்டும் ஆண்டவர் காப்பாற்றினார். கர்த்தர் செய்ததற்கு வேறு யாரும் பேர் வாங்க வேண்டாம்.

என் வீட்டுக்காரருக்குக் கை இன்னும் வரவில்லை. பேச்சும் வரவில்லை. ஆனாலும் மனசார நன்றி சொல்கிறேன். ஜெபிக்கப் போனால் கோபம்தான் வருகிறது என்கிறவர்கள் அந்தக் கோபத்தோடேயே ஆண்டவரிடம் போங்கள். அவர் விரட்ட மாட்டார், நான் போய்ப் பார்த்துவிட்டேன்.

எங்களுக்காக ஜெபிக்க விரும்புகிறவர்கள் மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். அது என் வீட்டுக்காரர் சாப்பிடும் நேரம். எலிசா அக்கா, நீங்களும் வாருங்கள், என் பக்கத்திலேயே உட்காருங்கள். அவர் விழுங்கி முடிக்கும்வரை வாயை மட்டும் திறக்காதீர்கள்.