ஏழு கோலும் குணமணி மறைத்ததும்

பதுளை மைதானத்தில் ஏழாவது கோல் விழுந்ததும் குணமணி கத்துவதை நிறுத்தினாள். அதுவரை ஆறு கோலுக்கும் நடுவரைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், பண்டாரவளைக்காரர்களின் புதுச் சப்பாத்தைக்கூட விடவில்லை. ஏழாவது பந்தைத் தடுக்கப் போன அவள் மகன் கிஷாந்தன், பாதி வழியில் இடது கையை இழுத்துக்கொண்டான். பார்த்தவர்கள் எல்லோரும் அவன் பயந்துவிட்டான் என்றே நினைத்தார்கள். அது பயமில்லை என்று பார்த்தவர்களில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

குணமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. தெமோதரைக்கு மேலே செம்பாறைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமென்றால் விறகும் துணி துவைப்பும் சனிக்கிழமையே முடிந்துவிடும். மேட்டில் நின்று அவள் போடும் சத்தம் தாங்காமல், "அந்த அம்மாவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க" என்று எதிரணிக்காரர்கள் நடுவரிடம் முறையிட்டதும் உண்டு.

செம்பாறையில் தோட்டத்துப் பிரிவைக் கணக்கு என்பார்கள். தோட்டத்துக் கால்பந்துக் கழகத்தின் பதினொரு இடங்களும் அந்தக் கணக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன: மேற்கணக்குக்கு நான்கு, கீழ்க்கணக்குக்கு நான்கு, தொழிற்சாலைப் பக்கத்துக்கு மூன்று. எப்போதோ அணித் தெரிவில் மண்டைகள் உடைந்த பிறகு பேசி வைத்த ஏற்பாடு அது. கோல்காப்பாளர் இடம் கீழ்க்கணக்குக்கு. அங்கே நிற்க ஆளில்லாமல் போனால் ஒரு வருஷத்துக்கு அது மேற்கணக்குக்குப் போய்விடும். கீழ்க்கணக்கில் கிஷாந்தனை விட்டால் வேறு ஆள் கிடையாது.

சந்தியில் கடை வைத்திருக்கும் புவாத்தின் மகன் ஷிபான் அவனைவிட நல்ல கோல்காப்பாளன். ஆனால் கடை எந்தக் கணக்கிலும் சேராது. மூன்று வருஷமாக அவன் பயிற்சிக்கு மட்டும் கோலில் நின்றான்.

பதுளையில் நடந்த அந்த இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, தேயிலைச் செடிகளை வெட்டும் கவ்வாத்து மலையில் சறுக்கி விழுந்து கிஷாந்தனுக்கு இடது மணிக்கட்டு வீங்கியது.

"தலைவர்ட்ட சொல்லிருவோம்மா."

"சொன்னா எடத்த மேக்கணக்கு ஆளுக கொண்டு போயிருவாங்க. சும்மா சுளுக்குதான்டா இது."

எண்ணெய் போட்டு உருவி, துணி சுற்றி, மேலே கையுறையை மாட்டிவிட்டதும் அவள்தான். தோற்றுத் திரும்பிய அன்று மாலையே ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பு வெடித்திருந்தது. ஊரில் அவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம். கழகத் தலைவர் சரவணமுத்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கிஷாந்தன் கட்டுப் போட்ட கையை ஸ்வெட்டருக்குள் மறைத்துக்கொண்டு தூணோரம் நின்றான்.

"ரெண்டாவது கோல் ஆப்சைடுங்க" என்றான் ஒருவன்.

"அத கழிச்சிட்டா ஆறு. கிண்ணத்த கொண்டாந்து குடுத்துருவாங்களா?"

"தொழிற்சாலை ஆளுக மூணு பேரும் நைட் வேல முடிச்சு நேரா வந்தவங்க. எப்படிங்க ஓடுவாங்க?"

"ஓடுறத விடுங்க. ஊரே பார்க்க கீப்பர் கைய இழுத்துக்கிட்டாரே! அவ்வளவு பயம்னா வீட்லயே இருந்திருக்கலாம்."

கிஷாந்தன் நிமிரவில்லை.

சரவணமுத்து மேசையைத் தட்டினார். "இனிமே கணக்குப் பாத்து ஆள் எடுக்கிறதில்லன்னு ஒரு யோசனை வந்திருக்கு. எல்லாரும் வந்து ஆடிக் காட்டட்டும். கடப்பக்கத்து ஆளும் வரலாம்."

கீழ்க்கணக்குப் பக்கம் கொதித்தது. குணமணியோடு ஒரே நிரையில் கொழுந்தெடுக்கும் தர்மிளா எழுந்துவிட்டாள். "அதெப்படிங்க தலைவரே? எங்க எடத்தப் பிடுங்கத்தான் கூட்டம் போட்டீங்களா? குணமணியக்கா, நீங்க எந்திரிங்க. ஒங்க சத்தத்துக்குத்தான் இவங்க அடங்குவாங்க."

குணமணி எழுந்தாள். எல்லோரும் காத்திருந்த சத்தம் வரவில்லை.

"எம்மவன் பயப்படல. போட்டிக்கு முந்தியே அவன் கை வெடிச்சுப் போச்சு. சொல்லிருவோம்னுதான் சொன்னான். எடம் போயிரும்னு நாந்தான் துணியச் சுத்தி அனுப்புனேன்."

"ஏங்க்கா, அந்தக் கையோடயா..." என்றாள் தர்மிளா.

"அந்தக் கையோடதான். ஷிபான் தம்பி அன்னைக்கு மைதானத்து ஓரமாத்தான் சும்மா நின்னுச்சு. அதயும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கணக்குப் பாத்து எடுக்கிற இந்த மொற வேணாங்க, தலைவரே."

கை உயர்த்தச் சொன்னபோது முதலில் உயர்ந்தது அவள் கை. கீழ்க்கணக்கில் இன்னும் நான்கு கைகள். மற்ற இரு பக்கமும் சேர்ந்து, பழைய ஏற்பாடு அன்றே முடிந்தது.

திங்கட்கிழமை தர்மிளா வேறு நிரைக்குப் போய்விட்டாள். "கப்பையும் குடுத்தா, எடத்தையும் குடுத்தா" என்று மலையில் யாரோ சொன்னது குணமணியின் காதில் விழுந்தது. அது வலித்தாலும் பொறுத்துக்கொண்டாள். கிஷாந்தன் கேட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"கூட்டத்துல அதச் சொன்னது என்னையக் காப்பாத்தவா, ஒன்னையக் காப்பாத்திக்கவா?"

"தெரியலடா."

அதன்பிறகு வீட்டில் பேச்சில்லை. கட்டு அவிழ்த்து, கை தேறி, பொதுத் தெரிவு நடக்கும் நாள்வரை அப்படியே போனது. அன்று மைதானத்துக்குப் போக அவளுக்குத் துணிவில்லை. பெற்றவள் நின்று சத்தம் போட்டதால்தான் எடுத்தார்கள் என்று நாளைக்கு ஒருவன் சொல்லிவிட்டால்? காம்பரா வீட்டிலேயே இருந்தாள். அரிசியில் கல் பொறுக்கினாள். பொறுக்கியதையே மறுபடியும் பொறுக்கினாள்.

பொழுது சாயும் நேரத்தில் கிஷாந்தன் வந்தான். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"ஷிபான் ஒண்ணாவது. நான் ரெண்டாவது."

"எவன்டா தெரிவு செஞ்சது..." என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சரியாத்தாம்மா எடுத்திருக்காங்க. அன்னைக்கு அவன் நின்னிருந்தா ரெண்டு மூணோட முடிஞ்சிருக்கும்."

"அப்பயும் தோல்விதானே."

"தோல்விதான். ஆனா எல்லாரும் சேந்து தோத்திருப்போம்."

அவன் முகம் கழுவிவிட்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தட்டை அலம்பிச் சோறு போட்டாள்.