செல்வப்பிரியா மறைத்த மாத்திரை

வடகரப்பதி பால் சொசைட்டியில் பால் அளக்கும் செல்வப்பிரியாவுக்கு வாய் ஓயாது. அவள் மகள் கௌரியோ மூன்று வயதாகியும் மொத்தமாக மூன்று சொல்லுக்கு மேல் பேசவில்லை.

"ஊட்டுப் பேச்சையெல்லாம் நானே பேசித் தீத்துப்போட்டனுங்க, புள்ளைக்கு மிச்சம் வெக்கல" என்று பால் ஊற்ற வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர்கள் கேட்பதற்குள் தானே சொல்லிவிடுவது சௌகரியம்.

பதினான்கு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு. வால்ப்ரோயேட் மாத்திரையால்தான் அடங்கியிருந்தது. மாமியார் முத்தாத்தாள் காதுக்குப் போய்விடுமே என்று, கர்ப்பமான பிறகும் எந்த டாக்டரிடமும் அதைச் சொல்லவில்லை. ஊர்க்கதை பேசுகிற வாய், பேச வேண்டிய இடத்தில் பூட்டிக்கொண்டது.

பாலக்காட்டில் கௌரியைப் பார்த்த டாக்டரம்மா துருவிக் கேட்டதும் உடைத்துச் சொன்னாள்.

"ஏனுங்க, நான் முழுங்குன மாத்திரைதான் இவ பேச்சையும் முழுங்கிருச்சுங்களா?"

"அந்த மருந்தால சில குழந்தைகளுக்குப் பேச்சும் படிப்பும் தாமதமாகலாம். இவளுக்கு அதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. மருந்தில்லாம கர்ப்பத்துல வலிப்பு வந்திருந்தாலும் ரெண்டு பேருக்கும் ஆபத்துதான். நீங்களா மருந்தை நிறுத்திடாதீங்க."

கடைசி வாக்கியம் மட்டும் அவள் காதில் ஏறவில்லை. வீடு திரும்பியதும் மாத்திரைகளைச் சாணிக்குழியில் வீசினாள். மூன்றாம் நாள் சொசைட்டியில் வலிப்பு வந்து, கேனோடு சாய்ந்தாள். கண் விழித்தபோது தலையெல்லாம் பால், துடைத்துக்கொண்டிருந்தது முத்தாத்தாள்.

"சாமிக்கு ஊத்துற பாலை எனக்கு ஊத்திக்கிட்டனுங்க அத்தை" என்று சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

"மாத்திரைய ஏங் கண்ணு நிறுத்துன?"

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"கல்யாணமான மாசமே பாத்தனே. நீயாச் சொல்லுவீன்னு இருந்தேன்."

ஐந்து வருடம் செல்வப்பிரியா மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அந்த வீட்டில் அரிசி அளப்பது மாமியார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நரம்பு டாக்டர் மருந்தைப் படிப்படியாக மாற்றினார். அடுத்த பிள்ளை வேண்டுமென்றால் முன்கூட்டியே வந்து சொல்லும்படி சொல்லியனுப்பினார். கௌரிக்கு வாராவாரம் பேச்சுப் பயிற்சி. வீட்டில் செல்வப்பிரியாவுக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள்: கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிரசவ வலியே தேவலை என்றாள் அவள். ஆனாலும் காத்திருந்தாள்.

இப்போது கௌரிக்கு ஆறு வயது. மூன்று நான்கு சொற்களைக் கோத்துப் பேசுகிறாள். எழுத்து இன்னும் பிடிபடவில்லை. ஒன்றாம் வகுப்பில் கடைசி அவள்தான். சாயங்காலம் முத்தாத்தாள் அவளை மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு மாட்டின் பெயரையும் கேட்டுவிட்டு நிற்கிறாள்.