கூண்டு ஓடாத நாளின் விறகு

சாம்பியன் ரீப்ஸ் பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தின் இஞ்சின் கொட்டகையில் நான் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது, ஆட்களையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கூண்டை நீராவிதான் இழுத்தது. நீராவிக்கு விறகு. யாரையும் நம்பாமல் இருப்பதற்கே எனக்குச் சம்பளம்; ஆனால் புதிதாக வந்த இஞ்சினியர் துரை என்னையும் மிஞ்சினார்.

கூண்டின் எடையையும் வேகத்தையும் கொண்டு, அதன் ஓட்டத்தில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று கணக்குப் போட்டார். நானும் சரிபார்த்தேன், பிழையில்லை. ஒரு நடைக்கு, வேகத்துக்கு ஒரு சிராய், ஏறும் உயரத்துக்கு ஒரு சின்னக் கட்டை போதும்; நாள் முழுக்கக் கூட்டினாலும் ஒரு வண்டிகூட ஆகாது. எரிந்ததோ வண்டி வண்டியாக. மிச்சத்தைப் பாய்லருக்கு விறகு தள்ளுகிறவர் வெளியே விற்கிறார் என்று துரை முடிவு கட்டினார். வேலை போனால் கம்பெனி அவருக்குக் கொடுத்த லைன் வீடும் போய்விடும்.

"மிச்ச விறகு எங்கேன்னு துரை கேக்கிறார்," என்றேன் அவரிடம்.

"இன்னா ரைட்டரே, நான் வெறகையா துன்றேன்? பாய்லர் துன்னுது. அது வாயில கைய உட்டுப் பாக்கச் சொல்லுங்க."

இதைவிட மரியாதையாகத்தான் மொழிபெயர்த்தேன். துரை அதையும் நம்பவில்லை.

ஆயுத பூஜை வந்தது. இஞ்சின் சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தால் அன்று அதைச் சுற்றவிட மாட்டார்கள். ஆனால் கீழே கைப்பம்பில் தண்ணீர் இறைக்கும் ஆட்கள் இருந்தார்கள். அவசரம் என்றால் கூண்டு ஓடியாக வேண்டும். எனவே நீராவி இறங்கக் கூடாது என்பது விதி.

பண்டிகை நாளில்தான் திருடுவார்கள் என்று துரை காலையிலேயே விறகுக் குவியலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாப்பாடும் அங்கேயே. ஒரு சுள்ளிகூட வாசலைத் தாண்டவில்லை. சக்கரம் அசையவில்லை. விறகு மட்டும் பாய்லருக்குள் போய்க்கொண்டே இருந்தது. சாயங்காலம் குவியல் அவருடைய முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது.

அவர் கணக்குப்படி அன்றைய செலவு பூஜ்யம். புகைபோக்கி வழியாகவும் குழாய்களின் வெளிப்புறத்திலிருந்தும் காற்றோடு போன சூட்டை அவர் சேர்க்கவே இல்லை.

"ரைட்டரே, இன்னிக்கு யார் எடுத்துனு போனாங்கன்னு தொரையக் கேளுங்களேன்," என்றார் விறகு தள்ளுகிறவர்.

நான் கேட்கவில்லை. துரை நாற்காலியை எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். விறகு தள்ளுகிறவருக்கு வேலையும் வீடும் தங்கின.

மறுநாள் சூடு போகாமலிருக்கக் குழாய்களுக்குக் களிமண்ணும் வைக்கோலும் பூச உத்தரவு வந்தது. பூசும் வேலை அதே ஆளுக்கு. வைக்கோல் அவர் வீட்டு மாட்டுக்குப் போகிறதா என்று பார்க்கும் வேலை எனக்கு.