புகைக்கூண்டில் என் பாதி

எங்கள் சமையலறைச் சுவரில் வழிந்த தண்ணீர் வரக்காப்பி நிறத்தில் இருந்தது. மொட்டைமாடியை நாங்கள் மெத்தை என்போம். அதைத் துளைத்துக்கொண்டு புகைக்கூண்டு மேலே போகிற இடத்தில் பழைய சுண்ணாம்புக் காரை விட்டுப்போயிருந்தது. மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்கி, அப்பா காலத்திலிருந்து படிந்த கரியைக் கரைத்துக்கொண்டு வந்தது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் ஓதம் மேலே வந்து அதே நிறத்தில் படர்ந்தது. மாவு டப்பாவில் பூஞ்சை பிடித்தது. என் மனைவி அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் என்னையும் ஒரு பார்வை பார்ப்பாள்.

அந்தக் கூண்டில் பாதிதான் என்னுடையது. மறுபாதி என் தம்பிக்கு. பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் இந்த வீட்டைப் பாகம் பிரித்தபோது பெரிய சமையலறையின் குறுக்கே சுவர் எழுப்பினோம். விறகடுப்பு அவன் பக்கம் போயிற்று.

"அடுப்பு எங்கிட்ட வருது. கூண்டையும் எனக்கே உட்டுடுண்ணா. உனக்குத்தான் கேஸ் இருக்குதே, எதுக்கு அது?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. நான் மெத்தைக்கு ஏறி, அளவுநாடா பிடித்து, கூண்டின் நடுவில் கரியால் கோடு போட்டேன். அதற்கு நேராக மெத்தை நெடுகிலும் ஒற்றைச் செங்கல் வரிசை வைக்கச் சொன்னேன். எனக்கு உதவாத பொருள் அவனுக்கு முழுசாகப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அன்றோடு எங்களுக்குள் பேச்சு அறுந்தது.

பங்காளிகளுக்குள் பேச்சு அறுந்தாலும் வாய் ஓய்வதில்லை. ஜாடை ஆரம்பிக்கும். சொல்ல வேண்டியதை எதிராளியின் காதில் விழும்படி கோழியிடமோ நாயிடமோ சொல்ல வேண்டும். பதில் சொல்கிறவர்களும் ஏதாவது ஒரு பிராணியைத் தேடிக்கொள்ள வேண்டும். நேரே பதில் சொன்னவர் தோற்றவர். தம்பி மனைவி கோழிகளிடம் பேசுவாள். என் மனைவி எங்கள் நாயிடம் பேசுவாள். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற நான், இந்தக் கூத்தில் எனக்குப் பங்கில்லை என்று சொல்லிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு காலையில், தம்பி மனைவி கோழிக்குத் தீனி இறைத்துக்கொண்டே பேசினாள்.

"ஏய் பொட்டக்கோழி, கூண்டச் சுத்தி நாலு பக்கமும் ஒரே மூச்சுல பூசுனாத்தான் ஒழுவல் நிக்குமாம். ஆளுக்குப் பாதி போட்டுக்கலாம்னு யாராச்சும் வந்தா நாங்க என்னா வேணாம்னா சொல்லப்போறோம்?"

என் மனைவி என் அருகில் வந்து கிசுகிசுத்தாள். "ஏங்க, எறங்கி வர்றா. நான் நாய்கிட்ட சரின்னு சொல்லிரட்டுமா?"

நான் அந்தப் பக்கம் கேட்கிற குரலில், "கோழிகிட்ட கேட்ட கேள்விக்குக் கோழியே பதில் சொல்லட்டும்" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து தம்பி மனைவியின் பதில் வந்தது, கோழியிடம்: "படிச்ச வூட்டு நாயி தமிழ்ல கொலைக்குதுடி. வா, உள்ள போலாம்."

தம்பி சிரித்தது எனக்குக் கேட்டது. அவள் சொன்னதைக்கூட விட்டுவிட்டிருப்பேன். அந்தச் சிரிப்பை விட முடியவில்லை.

அந்த வாரமே கொத்தனாரை வரவழைத்தேன். என் பாதிக்கு மட்டும் வேலை என்றேன். கூண்டைச் சுற்றி என் பக்கத்தில் சிமெண்டால் வளைவாக ஒரு கரை எழுப்பி, தண்ணீர் கூண்டில் மோதாமல் விலகிப் போகும்படி வாட்டம் கொடுக்கச் சொன்னேன். செங்கல் வரிசை கூண்டை முட்டுகிற இடத்தில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. வாட்டம் நேராக அங்கே போய் முடிந்தது.

"சார், இப்படிப் போட்டா உங்க மெத்தைத் தண்ணி அத்தனையும் அந்தச் சந்து வழியா அவங்க பக்கம் போயிருமுங்களே. சந்தை அடைச்சிரட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"அடைக்க வேண்டாம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். தோளைக் குலுக்கிவிட்டுச் சொன்னபடி செய்தார்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். என் தம்பி புளி வியாபாரி. பங்குனியில் சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து புளி வாங்கி, கொட்டை எடுத்து, உருட்டி, மழைக்காலம் முடிந்து விலை ஏறும்வரை வீட்டிலேயே வைத்திருப்பான். அடுத்த வருஷம் வாங்குவதற்கு முதலும் அந்தப் புளிதான். அதை அடுக்கி வைக்கிற இடம் விறகடுப்புக்குப் பின்னால் இருந்த சிறிய அறை. அடுப்பு எரிய எரிய கூண்டுச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். புளியில் ஈரம் ஏறாது. நானும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தான். எந்தச் சுவரை நனைக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் சுவர் காய்ந்தது. நான் தினமும் உள்ளங்கையால் அதைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்தப் பக்கம் பாத்திரங்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "கோணி கொண்டா, கோணி கொண்டா" என்று தம்பி கத்துவது கேட்டது. மழை விட்ட ஒரு பகலில் இருவரும் புளியை வெளியே எடுத்து வந்து கொட்டினார்கள். கறுத்து, கசிந்து, கூழாகி, பூஞ்சை பூத்திருந்தது. புளித்த நெடி எங்கள் வீட்டுக்குள் வந்தது. தம்பி மனைவி நல்லதைப் பொறுக்கியெடுக்கப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பொறுக்குவதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோழிகள் காலைச் சுற்றின. அவள் அவற்றிடம் எதுவும் பேசவில்லை.

மறுநாள் தம்பி ஒரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் சிமெண்டும் எடுத்துக்கொண்டு மெத்தைக்கு ஏறினான். நானும் என் பக்கத்துப் படியில் ஏறினேன், என் பாதியைக் காவல் காக்க. நான் மதித்துப் பேசாத ஜாடையை அன்றைக்கு நானே பேசினேன். கைப்பிடிச் சுவரில் இருந்த காக்கையைப் பார்த்து, "அவனவன் எல்லையோட நின்னுக்கணும்" என்றேன்.

தம்பி விரிசலைத் தேடிக் குனிந்தவன், செங்கல் வரிசைக்கு இந்தப் பக்கம் இருந்த புதுச் சிமெண்டைப் பார்த்தான். பிறகு வாளியைத் தூக்கி, என் கரையின்மேல் மெதுவாக ஊற்றினான். தண்ணீர் ஒரு சொட்டும் சிதறாமல் வளைவோடு ஓடி, சந்துக்குள் நுழைந்து, அவன் காலடியில் இருந்த விரிசலில் இறங்கியது. வாளி காலியாகும்வரை ஊற்றினான்.

"வாத்தியார் கணக்கு எப்பவும் தப்பாது" என்றான். பாகம் பிரித்த பிறகு அவன் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "என் மெத்தை, என் தண்ணி. எங்க போகணும்னு நான் சொல்லுவேன்" என்றேன்.

அவன் வாளியையும் சிமெண்டையும் அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனான்.

நடந்ததை மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்தாள். "வருஷா வருஷம் நம்ம வாசல்ல ஒரு கூடை புளி இருக்குமே, அது யாரு வெச்சதுன்னு நெனைச்சீங்க? 'மிஞ்சுனதக் கொட்டிட்டு வர்றேன்டி'ன்னு கோழிகிட்ட சொல்லிட்டு அவதான் வெச்சுட்டுப் போவா. நான் நாய்கிட்ட சொல்லிட்டு எடுத்துக்குவேன். அதுலதான் உங்களுக்கு ரசம் வெச்சேன்."

இரண்டு நாள் பொறுத்து, தம்பி வீட்டு வாசலில் போய் நின்றேன். தம்பி மனைவி வாங்க என்று சொல்லவில்லை. "என்னா வேணும்?" என்றாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"தண்ணி உன் பக்கம் வரும்னு தெரிஞ்சுதான் அப்படிப் போடச் சொன்னேன்" என்றேன்.

"உள்ள புளி இருக்கறது?"

"அதுவும் தெரியும்."

அவன் தலையை ஆட்டினான். "தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லியிருந்தா நம்புன மாதிரி நடிச்சிருப்பேன். ஊரு வாயை மூடறதுக்காவது. இப்ப நான் என்னா பண்றது, சொல்லு?"

அவன் மனைவிதான் சொன்னாள்: "நாலு பக்கமும் கொத்திப் பூசச் சொல்லுங்க. கொத்தனாரு எங்க பக்கமும் வரட்டும். நீங்க மேல ஏறக் கூடாது. இந்த வாசப்படிக்கும் இனி வர வேணாம்."

அப்படியே செய்தேன். அதே கொத்தனார் கரையை உடைத்தெடுத்து, சந்தை அடைத்து, கூண்டைச் சுற்றி முழுவதும் கொத்திப் பூசினார். நான் கீழேயே நின்றேன்.

இந்த மழைக்கு ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. இரண்டு பக்கமும் சுவர் காய்ந்திருக்கிறது. ஆனால் பங்குனியில் தம்பி புளி வாங்கவில்லை. வாங்க முதல் இல்லை. அறுபதைத் தாண்டிய வயதில் தருமபுரியில் ஒரு மண்டிக்குக் கூலிக்குப் போகிறான். அடுத்தவர் புளியைச் சாக்கில் கட்டி எடைபோடுகிற வேலை. நான் மருந்து வாங்கப் போகிற நாட்களில் பஸ் நிறுத்தத்தில் அவனைப் பார்க்கிறேன். நான் முன்படியில் ஏறினால் அவன் பின்படிக்குப் போவான். ஒரு நாள் நானும் பின்படிக்குப் போனேன். அவன் இறங்கி நின்றுகொண்டான், பஸ் அவனை விட்டுவிட்டுக் கிளம்பியது. அன்று மண்டிக்கு அவன் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தானோ, என்ன பேச்சு வாங்கினானோ தெரியாது. அதிலிருந்து அவன் நிற்பதைப் பார்த்தால் நான் ஏறுவதில்லை. அவன் பஸ் போன பிறகு வருகிற அடுத்த பஸ்ஸில் போகிறேன்.