உள்ளதை எழுதிய அட்டை

தூத்துக்குடியில் தொழிலாளர் காப்பீட்டு மருந்தகம் ஒன்றில் நான் மருந்தாளுநராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. டிப்ளமா முடித்து அங்கே வந்த முதல் பெண் என்பதால் எல்லோருக்கும் நான் 'கம்பவுண்டரம்மா'. முதல் வாரத்திலேயே எந்த மருந்து எந்த நோய்க்கு, எந்தத் தட்டில், எப்போது காலாவதி என்று பட்டியல் எழுதி ஒட்டினேன். பட்டியல் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது.

அதனால்தான் அந்த முரண்பாடு கண்ணில் பட்டது. நூற்பாலைத் தொழிலாளி ஒருவருக்கு அவர் மனைவி வாரந்தோறும் மாத்திரை வாங்க வருவார். அட்டையில் நோய் 'வயிற்றுப்புண்' என்றிருக்கும். டாக்டரின் சீட்டிலோ குளோர்புரோமசைன். இல்லாத குரல்கள் காதில் கேட்பவர்களுக்குக் கொடுக்கிற மருந்து அது.

டாக்டரிடம் கேட்டேன். "அந்த அம்மா அழுதாங்க. இரக்கப்பட்டு அப்படி எழுதிட்டேன்" என்றார்.

அழுகைக்குக் காரணம் மருந்து கொடுக்கிற எங்கள் ஜன்னல். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரே புனிதரின் பெயர் பத்துப் பேருக்கு இருக்கும். ஆகவே எங்கள் கிளார்க் அண்ணாச்சி ஆளை அட்டையில் உள்ள நோயைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஏலே, மூலம்! ஒன்னத்தாம்ல, வா!" வரிசையே சிரிக்கும்.

சாதாரண நோய்க்குச் சட்டம் தந்த விடுப்பு அந்தத் தொழிலாளிக்கு அந்த மாதத்தோடு முடியவிருந்தது. பிறகு ஆலை அவரை நீக்கலாம். வேலை போனால் காப்பீடும் சிகிச்சையும் போகும். சாப்பாட்டு நேரத்தில் சுற்றறிக்கைக் கோப்பைப் புரட்டினேன். நீண்டகால நோய்களுக்குத் தனிப் பட்டியல் இருந்தது: காசநோய், தொழுநோய், புற்றுநோய், அவற்றோடு மனநோய். இவற்றுக்கு விடுப்பும் சிகிச்சையும் நீளும். வயிற்றுப்புண்ணுக்கு நீளாது.

"ஒனக்கு மாத்திர எண்ணுத வேலதான? சட்டம் எதுக்குளா?" என்றார் அண்ணாச்சி.

"மாத்திரைக்கு உண்டான நோய் அட்டையில இல்ல, அண்ணாச்சி. அதான் தேடுதேன்."

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது உள்ளே அழைத்து விவரம் சொன்னேன். பதறிவிட்டார்.

"வேண்டாம் கம்பவுண்டரம்மா. எங்க நாத்தனாவுக்குக் கோயில்ல ரெண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு வாசிச்சாச்சு. இன்னும் ஒரு ஞாயிறு கெடக்கு. இங்கன 'பைத்தியம்'னு கூப்பிட்டா அங்கன மாப்பிள்ள வீட்டுல கேட்டுரும்."

"நோயச் சொல்லிக் கூப்பிடாம இருந்தா?"

"அந்த அண்ணாச்சியா? அவரு வாயத் தைச்சாத்தான் உண்டு."

தைக்க வேண்டியிருக்கவில்லை. மருந்துப் பெட்டியின் அட்டையை வெட்டி, ஒன்று முதல் அறுபது வரை எண் போட்டு, மறுநாள் காலை வாசலிலேயே ஆளுக்கொன்று கொடுத்தேன். "இதென்ன, ரேசன் கடையா?" என்று அண்ணாச்சி முறைத்தார். எப்போதும் மதியம் தாண்டுகிற வரிசை பதினொரு மணிக்குள் முடிந்துவிடவே மறுநாள் மீன் ஏலம் போடுகிறவர் குரலில் அவரே "பதினேழு! பதினேழு!" என்று கூவினார்.

அந்த அம்மா இரண்டு நாள் சும்மா வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நேராக டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"உள்ளதையே எழுதுங்கய்யா."

இப்போது சங்கடம் டாக்டருக்கு. முன்பு கொடுத்த சான்றிதழ்கள் தவறு என்று அவரே எழுத வேண்டும். பேனாவை மூடினார், திறந்தார். "தப்பு என்னுது" என்று சொல்லி எழுதிக் கையெழுத்திட்டார். கணவரும் மனைவியும் பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் மனநல மருத்துவரின் சான்று வாங்கி வந்தார்கள். விடுப்பை நீட்டிக்கக் கேட்கும் விண்ணப்பத்தின் இணைப்புகளை நான் பட்டியலிட்டேன். ஒரு தாள்கூட விடுபடவில்லை.

விடுப்பு முடிய நான்கு நாள் இருக்கையில் அனுமதி வந்தது. தேர்வில் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை. அந்த அம்மா தாளை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப அவர யாரும் வெளிய அனுப்ப முடியாது, என்ன?" என்றார்.

"முடியாது. சட்டம் அப்படி."

அந்த நீண்டகால நோய்ப் பட்டியலைத் தமிழில் எழுதி ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அண்ணாச்சியே படித்துப் பார்த்தார். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பேர் தங்கள் அட்டையையும் திருத்த வேண்டும் என்று டாக்டரிடம் வந்து கேட்டார்கள்.