அண்ணன் எடுத்தது, நான் பிரிண்ட் போட்டது

1. டெவலப்பர் தட்டு

படம் கழுவும் கெமிக்கலான டெவலப்பர் தட்டுக்குள் விரலை விட்டதும் நான் கத்திய கத்தலில், வெளியே பாஸ்போர்ட் படத்துக்காக உட்கார்ந்திருந்தவர் எழுந்து தெருவுக்கே போய்விட்டார். அண்ணன் டார்க் ரூம் கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"இன்னா மெர்சி, பேப்பர் டப்பாவை மூடிட்டியா? கதவைத் தொறக்கலாமா?"

அந்த அவசரத்திலும், வெளிச்சம் பட்டால் வீணாகிவிடும் பேப்பரைப் பற்றித்தான் கேட்டார். எனக்கு அது தப்பாகப் படவில்லை. நானும் முதலில் டப்பாவைத்தான் மூடியிருந்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் விரல் இடுக்கெல்லாம் தோல் பிளந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ஆரணி பஜாரில் நானும் அண்ணன் அருள்தாஸும் ஸ்டுடியோ வைத்திருந்தோம். அவர் எடுப்பார், நான் பிரிண்ட் போடுவேன். கல்யாணக் கலர் ரோல்களை வேலூர் லேபுக்கு அனுப்பிவிடுவோம். கறுப்பு வெள்ளை மட்டும் எங்கள் டார்க் ரூமில். பிழைப்புக்கு பாஸ்போர்ட் படம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணன் தனக்காகப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் டெவலப்பர் பாக்கெட்டை வாங்கிப் படித்தார். "இதுல இருக்கற மெட்டால் உங்களுக்கு ஆகல. இனிமே தொடாதீங்க. தொட்டா கையோட நிக்காது" என்றார். மெட்டால் இல்லாத டெவலப்பரைச் சென்னையில் தேடி வாங்கிப் பார்த்தோம். அதற்குள் என் தோல் எந்தக் கெமிக்கலையும் தாங்காத நிலைக்குப் போயிருந்தது.

2. ஆவி

அண்ணன் எடுத்ததில் ஒரு படம் களம்பூர் ரைஸ் மில்லில் எடுத்தது. அவித்த நெல்லைத் தொட்டியிலிருந்து இறக்கும்போது எழும் ஆவிக்குள் ஒரு அம்மா பலகையை ஊன்றி நிற்கிறார். பாதி முகம் ஆவிக்குள். அந்த ஆவி வெறும் வெள்ளைப் பேப்பராகப் போய்விடக் கூடாது, அதே நேரம் அந்த அம்மாவின் கூந்தல் மைக்கட்டியாகவும் ஆகக் கூடாது. எக்ஸ்போஷர் கொடுக்கும்போது பேப்பர்மேல் விழும் வெளிச்சத்தைக் கையால் மறைத்தும் விட்டும் நான் அதைப் போடப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கை போனது.

அண்ணன் அந்த நெகட்டிவை வேலூரில் ஒருவரிடம் கொடுத்துப் போட்டுவந்தார். கவுண்டரில் விரித்துப் பார்த்தார்.

"இது ஆவி இல்ல மெர்சி, சுண்ணாம்பு" என்று சொல்லி நாலாகக் கிழித்தார். அதன் பிறகு வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. தானே பிரிண்ட் போட அவருக்குக் கைப்பழக்கமும் இல்லை. படம் எடுப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. ரோல்களைக் கழுவிக் காயவைத்து உறைபோட்டு அடுக்கிக்கொண்டே வந்தார். "உன் கை சரியாவட்டும், பார்த்துக்கலாம்" என்பார்.

3. வெயிலில் பச்சை

இரண்டாயிரம் பிறந்த பிறகு பாஸ்போர்ட் படத்துக்காகக் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் இங்க்ஜெட் பிரிண்டரும் வாங்கினோம். நான் அண்ணனின் நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணிப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். கலர் மைகளைக் கலந்துதான் அந்தப் பிரிண்டர் சாம்பல் நிறத்தைக் கொண்டுவரும். டியூப் லைட்டில் பார்த்தால் நன்றாக இருக்கும். வெயிலுக்கு எடுத்துப் போனால் பச்சையடிக்கும்.

"உள்ள கறுப்பா கீது. வாசலுக்கு வந்தா பாசி புடிச்சாப்ல கீதே" என்பார் அண்ணன். கறுப்பு மையை மட்டும் வைத்துப் போட்டால் ஆவி முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது. கடைசியில் சென்னையில் ஒரு மை வியாபாரி, ஒரே கறுப்பை அடர்த்தி குறைத்துக் குறைத்துச் செய்த மைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். கலர் மைகளைக் கழுவி எடுத்துவிட்டு இவற்றை நிரப்பினேன். பருத்திக் காகிதம் வாங்கினேன். எவ்வளவு காகிதம் வீணானது என்று அண்ணன் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியாக வந்த பிரிண்டை அவர் வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ஆவி வந்துடுச்சு" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே பஸ் பிடித்து, புது ரோல் போட்ட கேமராவோடு தேசூர் பக்கம் போய்விட்டார்.

4. கண்காட்சி

சென்னையில் ஒரு போட்டோகிராஃபி சங்கம் வருஷா வருஷம் கறுப்பு வெள்ளைக்கென்று போட்டியும் கண்காட்சியும் நடத்தும். இரண்டு பேரும் பிரிண்டை எடுத்துக்கொண்டு நேரில் போனோம். நடுவர்களில் மூத்தவர் ஒருவர், அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பிரமாதம். ஆவியில எவ்வளவு டோன் வெச்சிருக்கீங்க! எந்த பேப்பர்?"

"இங்க்ஜெட் சார்" என்றேன்.

அவர் பிரிண்டை மெதுவாக மேசைமேல் வைத்தார். "அப்படின்னா இது பிரிண்ட் அவுட்மா. போட்டோகிராஃப் கிடையாது. இத உள்ள விட்டா நாளைக்கு ஆளாளுக்கு பட்டனத் தட்டி எடுத்துக்கினு வந்துடுவாங்க."

அண்ணனுக்குக் கோபம் வந்தது. "அந்த பட்டனத் தட்டவே இவளுக்கு ஒரு வருஷம் புடிச்சுதுங்க சார். இவ கையால போட முடியாதுங்க. கெமிக்கல் ஒத்துக்கல."

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ரூல் ரூல்தானே தம்பி. இதே படத்தை டார்க் ரூம்ல போட்டுக் கொண்டாங்க, கண்டிப்பா எடுத்துக்கறோம். கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கு."

கெட்ட மனிதர் இல்லை அவர். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

பஸ் ஆற்காடு தாண்டியது. அண்ணன் என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "கிளவுஸ் போட்டுகினு, ஒரே ஒரு பிரிண்ட்... முடியுமா மெர்சி?"

எனக்கும் ஆசை இருந்தது. போடுகிறேன் என்றேன்.

5. மெடல்

ரப்பர் கிளவுஸ் இரண்டு ஜோடி, ஒன்றன்மேல் ஒன்றாக. அதைப் போட்டுக்கொண்டால் பேப்பரின் ஓரம் விரலுக்குத் தெரியாது. முதல் பிரிண்டில் கூந்தல் இருண்டுவிட்டது. அடுத்ததில் ஆவி வெளுத்தது. திரும்பத் திரும்பப் போட்டதில் கெமிக்கல் மணிக்கட்டு வழியாகக் கிளவுஸுக்குள் இறங்கியிருக்கிறது. நல்ல பிரிண்ட் ஒன்று கிடைத்தது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் எனக்கு முழங்கைவரை கொப்புளம். முகம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பல வாரங்கள் அண்ணிதான் எனக்குச் சோறு ஊட்டினார்கள், தலை வாரிவிட்டார்கள். விரல்கள் இன்றுவரை முழுசாக மடங்குவதில்லை.

படத்துக்கு மெடல் கிடைத்தது. அண்ணன் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். கட்டுப்போட்ட என் கையில் வைக்க முடியாமல் கட்டிலோரம் வைத்தார்.

"இதுக்காகவா?" என்றார். என்னைக் கேட்கவில்லை.

நான் வீடு திரும்பியபோது டார்க் ரூம் காலியாக இருந்தது. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரையும் இரண்டு கேமராவையும் விற்றிருந்தார். களம்பூரில் ஒரு ரைஸ் மில் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். "நானும்தான் ஆசைப்பட்டேன், நீ மட்டும் இல்ல" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "விடு மெர்சி, பேஜாரு பண்ணாத" என்று எழுந்து போய்விடுவார்.

6. ஒரே சுவர்

ஸ்டுடியோவை நான் நடத்தினேன். சில வருஷங்களில் கறுப்புக்கென்றே இரண்டு மூன்று மைகளோடு பிரிண்டர்கள் கடைக்கே வந்துவிட்டன. அந்தச் சங்கம் முதலில் டிஜிட்டலுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கியது. பிறகு பிரிவே வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒரே சுவரில் மாட்டினார்கள். எது டார்க் ரூம், எது இங்க்ஜெட் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அன்று எங்களைத் திருப்பி அனுப்பிய அதே மூத்த நடுவர் போன் செய்து, எங்கள் மெம்பர்களுக்கு வந்து கற்றுக்கொடுங்கள் என்று கூப்பிட்டார். போனேன். அண்ணனின் நெகட்டிவ்களிலிருந்துதான் பிரிண்ட் போட்டுக் காட்டினேன்.

"உங்க அண்ணன் இப்ப இன்னாம்மா எடுத்துக்கினு இருக்கார்?" என்று ஆவலாகக் கேட்டார்.

"எடுக்கறதில்ல சார்."

அவர் என் கைகளைப் பார்த்தார். "அப்ப எங்களுக்குத் தெரியலம்மா" என்றார். நான் அடுத்த நெகட்டிவை எடுத்து ஸ்கேனரில் வைத்தேன்.

ஊருக்கு வந்து என் டிஜிட்டல் கேமராவை அண்ணனிடம் கொடுத்தேன். "இனிமே யாரும் தடுக்க மாட்டாங்கணா. எடுத்துக்கினு வா, நான் போடறேன். எந்தக் கெமிக்கலையும் தொட வேணாம்." மறுக்காமல் வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பழைய நாட்களைப் போலவே கிளம்பிப் போனார். நான் பிரிண்டரின் தலையைச் சுத்தம் செய்து, காகிதம் வெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பொழுது சாய வந்தார். கேமராவை வாங்கிப் பார்த்தேன். ஒரு படம்கூட இல்லை.

"நல்ல வெளிச்சம்தான். ஆளுங்களும் இருந்தாங்க. நின்னு நின்னு பார்த்தேன் மெர்சி. எதையும் எடுக்கணும்னு தோணல" என்றார். சொல்லும்போது அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது போலிருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் முன்னால் அழுதார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள், எந்தப் பிரிண்டை மதிப்பார்கள் என்று. நான் சொல்வது இதுதான்: இன்று வேண்டாம் என்பவர்களே நாளைக்குக் கூப்பிடுவார்கள். அவர்கள் வரும்வரை எடுத்துக்கொண்டே இருங்கள். ஒருத்தர் எடுக்காமல் விட்ட வருஷங்களைப் போட்டுக்கொடுக்க என்னிடம் எந்த மையும் இல்லை.